உப்பரிகையில் அசைந்த கை

மே 9, வியாழன் மாலை

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு முதல் வரிசையை நடுங்க வைக்கும் என் அக்கா மகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம். உன் நலத்தை நீ எழுதுவதில்லை; பேப்பரில் வரும் உன் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே இரண்டு கருப்புப் பிறை. ஒரு கல்யாணப் பந்தியையே தனியாகச் சாப்பிட்டு முடித்தவள் நீ. இப்போது நாடாளுமன்றத்தில் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறாய் போல.

அரசாங்கம் நாட்டிலுள்ள எல்லாப் போன்களின் கழுத்தையும் நெரித்துவிட்டதால் இந்தக் கடிதம். தபால்காரருக்கு மட்டும் இன்னும் தடை போடவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

உங்கள் கட்சிக்காரர் ஒருவர், "உங்க மாமாவுக்கு அதிபர் மாளிகையில என்ன வேலை?" என்று கேட்டதற்கு, "ஆபீஸ் வேலை" என்று சொன்னாயாமே! அடிப்பாவி! இனி யாராவது கேட்டால் இப்படிச் சொல்: அதிபர் எங்கே நிற்கப் போகிறாரோ, அங்கே அவருக்கு முன்னால் என் மாமா நின்று பார்ப்பார். அவர் நடக்கப் போகும் கம்பளத்தில் மாமா நடப்பார். மாமாவின் நடைக்குத்தான் பேண்டுக்காரர்கள் தாளம் சரிபார்ப்பார்கள். அதே உயரம், அதே தோள், தொப்பை மட்டும் மாமாவுக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். மாளிகையில் அவர் பெயர் ஒத்திகை அதிபர்.

அந்த ஒத்திகை அதிபர் இன்றைக்கும் நாட்டை ஆண்டார். நாளை மாலை நிஜ அதிபர் உப்பரிகையில் நின்று மக்களுக்கு உரையாற்றப் போகிறாராம். விளக்குக்கும் கேமராவுக்கும் ஆள் வேண்டுமே? அவருடைய பழைய சாம்பல் நிறக் கோட்டுக்குள் என்னைத் திணித்து மேலே ஏற்றினார்கள். புல்வெளிக்கு அந்தப் பக்கம், பெரிய கதவுக்கு வெளியே, நீ திரட்டிய கூட்டம். "இறங்கு! இறங்கு!" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் சூரியன் ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

"யோவ், அசையாம நில்லுய்யா, லைட்டு பிடிக்கிறாங்க" என்றார் விழா அதிகாரி.

அசையாமல் நிற்பதற்கு நான் என்ன சிலையா? முதலில் வலது கையைத் தூக்கி ராஜகம்பீரமாக ஒரு அசைப்பு. பிறகு அதே கையைக் காதில் வைத்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு சாய்ப்பு: "கேக்கலையே! இன்னும் சத்தமா!" நீ ஐந்து வயதில் ஐஸ்கிரீம் கேட்கும்போது இப்படித்தானே நிற்பேன்? நீ கத்தக் கத்த நான் சாய, கடைசியில் தெருவே வெளியே வந்து, "அந்தக் குழந்தைக்கு வாங்கிக் குடுத்துத் தொலையேன்யா" என்று என்னைத் திட்டுமே, அதே கை, அதே காது. கார்க் கதவில் நசுங்கிய நாளிலிருந்து மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என் சுண்டுவிரல், கொடிக்கம்பம் மாதிரி தனியே நின்றது.

கூட்டம் போட்டதே ஒரு கர்ஜனை! ஏழு தேசத்து யானைகள் ஒன்றாகப் பிளிறின மாதிரி. அதிகாரி என் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். பின்னாலேயே வெளியே படபடவென்று பட்டாசுச் சத்தம். என்ன கொண்டாட்டமோ! எங்களையெல்லாம் கீழ்த்தளத்து அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் பதவி நீக்கத் தீர்மானம் என்ன ஆயிற்று? தூக்கு அந்த ஆளை. மேலே நின்று பார்த்தவன் சொல்கிறேன், அந்த உப்பரிகை அவருக்குக் கொஞ்சம் பெரிசு.

இப்படிக்கு,
முப்படைகளின் முக்கால் மணி நேரத் தளபதி,
உன் மாமா


மே 12, ஞாயிறு

அன்புள்ள மாமா,

அது பட்டாசு இல்லை.

நீங்கள் கீழ்த்தளத்திலிருந்து வெளியே வந்திருப்பீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். கூட்டம் கதவைச் சாய்த்துக்கொண்டு உள்ளே ஓடியது. காவலர்கள் சுட்டார்கள். பதினொரு பேர். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லா முகங்களையும் பார்த்தேன். பார்க்க வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். இனி தூங்க முடியுமா என்று தெரியவில்லை. அதில் ஒருத்தி உங்கள் டிரம்மர் நண்பரின் மகள். நர்சிங் கடைசி வருடம். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

அன்று கதவுப் பக்கமிருந்து யாரோ எடுத்த படம் இப்போது எல்லாத் தெருவிலும் ஒட்டியிருக்கிறது. அதிபர் உப்பரிகையில் நின்று, காதில் கைவைத்து, செத்துக்கொண்டிருக்கும் ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். முகம் பாதி நிழலில் இருக்கிறது. சிரிப்பு நன்றாகத் தெரிகிறது.

தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். நீதிமன்றங்களைப் பூட்டியது, தேர்தலை இரண்டு முறை தள்ளிப் போட்டது, வெள்ள நிவாரணத்தை மச்சானுக்குத் திருப்பிவிட்டது, பத்திரிகைக்காரர்களை உள்ளே போட்டது. இந்த நான்கு குற்றச்சாட்டுகளைத் தூக்கிக்கொண்டு குளிர்காலம் முழுக்க வீடு வீடாக அலைந்தேன். "சட்டப்படி பார்க்கணும்மா", "அவசரப்படக் கூடாதும்மா" என்றுதான் எல்லா உறுப்பினரும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை ஐந்தாவது குற்றச்சாட்டாகச் சேர்த்தேன். நான் கூப்பிடாமலே வந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.

உங்கள் கடிதமும் வந்தது. முதலையை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். உங்கள் கதைகள் எனக்குப் பிடிக்கும் மாமா. ஆனால் இந்தக் கதையை யாரிடமும் சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்


மே 14, செவ்வாய்

அக்கா மகளே,

முதலைக் கதை பொய். அது முதலையே இல்லை, உடும்பு. உடும்பும் இல்லை, செத்துப்போன ஓணான். ஆனால் உப்பரிகையில் நின்றது நான்தான்.

நேற்று என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக அதிபர்களின் கோட்டைப் போடுகிறேன், ஒரு அதிபரும் என்னிடம் பேசியதில்லை. இவர் பேசினார். நாற்காலியிலிருந்து எழுந்தே பேசினார்.

"நீதானாய்யா அது? நல்லா நின்னிருக்க. தைரியமான ஆளுன்னு வெளியில பேசிக்கிறாங்க."

"ஐயா, அது நான்னு சொல்லிடலாமே. உங்க மேல இவ்வளவு பழி..."

"சொன்னா, அப்ப நான் எங்க இருந்தேன்னு கேப்பானுங்களே?"

எங்கே இருந்தார் தெரியுமா? அன்று மதியமே மூன்று பெட்டியோடும் நாய்க்குட்டியோடும் சலவை வண்டியில் ஏறி, விமான தளத்துக்குப் போய்விட்டார். மறுநாள் உரை என்பதெல்லாம் ஊரை ஏமாற்ற. கதவருகே அமைதியாகிவிட்டது என்று செய்தி போன பிறகுதான் திரும்பினார். ஓடிப்போனவன் என்று பெயர் எடுப்பதைவிடக் கொலைகாரன் என்று பெயர் எடுப்பது அவருக்கு மேலாகத் தெரிகிறது. "அது நான்தான்" என்று உங்கள் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்கு எழுதியே கொடுத்துவிட்டார். என் கையை அவர் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து டிரம்மர் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கிப் போட்ட நாற்காலிகள், ஒவ்வொன்றும் ஒரு உயரம். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் வெள்ளைச் சீருடை இஸ்திரி போட்டபடி தொங்குகிறது. உனக்குத் தெரியும், பெரிய டிரம்முக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்ததில் அவனுக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் துக்க வீட்டிலும் அவன் மட்டும் சத்தமாகப் பேசுகிறான்.

"அந்தக் கையை வெட்டணும்யா! தினம் அவன் பக்கத்துலதான நிக்கிற? ஒரு நாள் வெட்டிட்டு வாயேன்!"

அப்போது அந்தக் கையில்தான் அவன் கொடுத்த டீ இருந்தது. சூடு பொறுக்காதவன் போல மற்ற கைக்கு மாற்றிக்கொண்டேன். வாயைத் திறந்தால் உலகத்தையே மூடுகிற உன் மாமா, வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஆள் போகத்தான் வேண்டும். நீதிமன்றக் கதவில் பூட்டுத் தொங்குவதை இந்தக் கண்ணால் பார்க்கிறேன். அவர் செய்த நான்குக்கும் அவரைத் தூக்கு. நானும் ஒரு கை கொடுக்கிறேன். ஐந்தாவது என்னுடையது. அதை எடுத்துவிடு. விசாரணைக் குழுவில் என்னையும் சாட்சியாகக் கூப்பிடு. வந்து சொல்கிறேன்.

மாமா


மே 17, வெள்ளி

அன்புள்ள மாமா,

கோபப்படாமல் படியுங்கள்.

கதவைத் தொட்டால் சுடு என்று உத்தரவு போட்டது யார்? அவர். வியாழன் காலையில், வண்டி ஏறுவதற்கு முன்னால் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். சுட்டது யார்? காவலர்கள். ஒரு கை அசைந்ததற்காக யாரும் சாவதில்லை. நீங்கள் சொல்கிறபடியே நடந்திருந்தாலும், அதில் கொலை அவருடையதுதான்.

ஐந்தாவதை எடு என்கிறீர்கள். எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? அந்த உத்தரவை எழுத்தில் யாரும் தர மாட்டார்கள், வாய்மொழியாகச் சொன்னதாம். எங்களிடம் இருப்பது படம் ஒன்றுதான். அதை எடுத்தால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். நான்கு குற்றச்சாட்டையும் படிக்கும்போது கொட்டாவி விட்டவர்கள் அவர்கள். தீர்மானம் தோற்றால் அவர் இன்னும் நான்கு வருடம் இருப்பார். பிறகு இன்னொரு கதவு, இன்னொரு பதினொரு பேர். அந்தக் கணக்குக்கு யார் பதில் சொல்வது, நீங்களா நானா?

உண்மையான நான்கு காரணத்துக்கு அவரை நீக்க இந்த நாட்டுக்குப் பொறுமை இல்லை. தப்பான ஒரு காரணத்துக்கு நீக்கத் தயாராக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? உட்கார்ந்து யோசித்துச் சொல்லுங்கள். நான் யோசித்துவிட்டேன்.

குழுவுக்கு வராதீர்கள். வந்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. உங்களைக் கேலி செய்வார்கள், அதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அம்மா இருந்திருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்


மே 22, புதன்

அக்கா மகளே,

வந்தேன். பார்த்திருப்பாய். நீ பார்க்கவில்லை, குனிந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாய். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

உன் மாமா அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது தூண்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லவில்லை. ஒரு பியூன், "செருப்பைத் தேச்சுட்டு வாங்க" என்றார்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். மாளிகையிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம்: ஒத்திகைக்கு நிற்க ஆள் என்று ஒரு பதவியே அங்கே கிடையாது. அதாவது பதினெட்டு வருடமாக நான் கிடையாது. இல்லாத ஆளுக்கு இவ்வளவு பெரிய தொப்பையா என்று யாரும் கேட்கவில்லை.

"சரி, எப்படிச் செஞ்சீங்க? செஞ்சு காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

காட்டினேன். கையைத் தூக்கி, அசைத்து, காதில் வைத்து, சாய்ந்து. வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் செய்ததில்லை. கடைசி வரிசையில் ஒருவர் கைதட்டினார். "அப்படியே இருக்குப்பா! டிவியில வர்றவரா?"

சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தீர்கள். என் சுண்டுவிரலைக் காட்டி அடையாளம் சொல்லலாம் என்று கிட்டப் போனேன். விரலுக்கு முன்னாலேயே படம் முடிந்துவிட்டது. அச்சடித்தவன் பெரிய கஞ்சன் போலிருக்கிறது, ஒரு விரலுக்குக் காகிதம் மிச்சம் பிடித்திருக்கிறான்.

அப்புறம்தான் தலைவர் உன் பக்கம் திரும்பினார். "இவர் உங்க சொந்தக்காரர்னு சொல்றாங்களே, மேடம்?"

"ஆமா. என் மாமா. சின்ன வயசுலேர்ந்தே நல்லா கதை சொல்லுவார்."

மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை, அதையும் பார்த்தேன். என் சாட்சியத்தைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த மண்டபத்தில் முதலில் பதவி நீக்கப்பட்ட அதிபர் நான்தான்.

ஊரில் ஒருத்தரும் என்னை நம்ப மாட்டார்கள் என்பதை இத்தனை காலம் சொத்து மாதிரி அனுபவித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மாமா


மே 30, வியாழன்

அன்புள்ள மாமா,

நிறைவேறிவிட்டது. இரண்டு ஓட்டு வித்தியாசம். நேற்று மாலை போலீஸ் வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்று காலை நீதிமன்றங்களைத் திறந்துவிட்டார்கள். பூட்டுச் சாவி கிடைக்காமல் உடைத்துத் திறந்தார்கள். உள்ளே போட்டிருந்த பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். போன் நாளை வருமாம். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். குரலைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

எனக்கு முதல் நாளே தெரியும் மாமா. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே. அந்தப் படத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தபோது முகத்தை நான் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தேன். உலகத்தில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு சுண்டுவிரல் இருக்கும்? அதைப் பிடித்துக்கொண்டுதானே நான் தெருவைக் கடக்கக் கற்றுக்கொண்டேன்?

போஸ்டர் அடிப்பவர் கஞ்சன் இல்லை. அந்த விரலை வெட்டிவிடச் சொன்னது நான். எல்லாப் படத்திலும்.

திரும்ப இப்படி ஒரு நாள் வந்தாலும் இதையேதான் செய்வேன். செய்துவிட்டு இதே மாதிரி தூக்கமில்லாமல் கிடப்பேன். மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

மாளிகை வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். இங்கே வந்துவிடுங்கள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தேர்தல் முடியட்டும், நானே உங்களை டிரம்மர் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு பேருமாகச் சொல்லலாம். அதுவரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆட்கள் இதைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் மறுபடி தலைகீழாகிவிடும்.

பதில் எழுதுங்கள் மாமா. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 3, திங்கள்

அக்கா மகளே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. விரலை நீ மறக்கவில்லை. அது போதும் என்று கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்று மாலையே டிரம்மர் வீட்டுக்குப் போனேன். தேர்தல் வரைக்கும் அவன் கொடுக்கும் டீயைக் குடிக்க என்னால் முடியாது.

நாற்காலிகளெல்லாம் திரும்பிப் போய்விட்டன. அவன் தனியாக வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்தேன். வழியெல்லாம் எத்தனையோ விதமாகக் கட்டி வைத்திருந்தேன்; ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு மேல நின்னது நான்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் காதில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான்.

"கேக்கலய்யா. இன்னும் சத்தமா சொல்லு."

சொன்னேன். கத்திச் சொன்னேன். எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அவன் காதிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "எதுக்குய்யா அப்படிச் செஞ்ச?" என்றான்.

"சும்மா. விளையாட்டுக்கு."

"எப்படிச் செஞ்ச? காட்டு."

உங்கள் மண்டபத்தில் அவ்வளவு பேர் முன்னால் எழுந்த கை, அங்கே எழவில்லை. மடியிலேயே கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தாழ் போடும் சத்தம் கேட்டது.

நாளைக்குப் பேப்பர்காரர்கள் உன்னிடம் வருவார்கள். மாமா நல்லா கதை சொல்லுவார் என்றே சொல்லிவிடு. ஏற்கெனவே ஒரு தடவை சொன்னதுதானே, இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இருக்காது. அந்த ஆள் போனது நல்லதுதான். மண்டபத்தில் எனக்கு ஒரு ஓட்டு இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன், நான்கு காரணத்துக்கு. மாடி அறையை வேறு யாருக்காவது கொடு. நான் வருவதாக இல்லை. போன் அடித்தாலும் எடுக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் சாட்சி கேட்கவில்லை, சத்தியம் கேட்கவில்லை, படத்தைக்கூடத் தேடவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே நம்பிய ஆள் என் வாழ்க்கையில் அவன் ஒருவன்தான்.

மாமா